காந்தத்துக்குள் ஓடும் திரவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் சூரியப் புள்ளிகளைப் பற்றி எழுதியபோது, சூரியனில் உள்ள மின்கடத்தும் வாயுவும் காந்தப்புலமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு திரிகின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இது. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

கேள்வி: பாதரசம் காந்தத்தில் ஒட்டாது, உப்புத் தண்ணீரும் ஒட்டாது. அப்படியிருக்க காந்தப்புலம் இவற்றை எப்படிப் பாதிக்கும்?

ஒட்டுவது வேறு விஷயம், அதை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். இரும்பு ஒட்டுவதற்குக் காரணம், அதன் அணுக்களே குட்டிக் காந்தங்களாக ஒரே பக்கம் திரும்பி நிற்பது. இங்கே நாம் பேசுவது மின்சாரம் பாயக்கூடிய ஒரு திரவத்தை. அது காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடினால், உள்ளே இருக்கும் நேர்மின், எதிர்மின் துகள்கள் எதிரெதிர்ப் பக்கமாகத் தள்ளப்படுகின்றன. உடனே திரவத்துக்குள் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது, சுற்று மூடுவதற்கு எங்கேயாவது வழி கிடைத்தால் மின்னோட்டமும் பாய்கிறது. ஜெனரேட்டரில் செப்புச் சுருளுக்கு நடக்கும் அதே தூண்டல்தான், இங்கே கம்பிக்குப் பதில் திரவம்.

சரி, மின்னோட்டம் பிறந்துவிட்டது. அது காந்தப்புலத்துக்குள்ளேயே பாய்வதால் அதன் மேல் விசை வந்தே தீரும், மொத்தத்தில் அந்த விசை ஓட்டத்தை எதிர்க்கும். அதோடு முடியவில்லை. அந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், அது ஏற்கெனவே இருந்த புலத்தை வளைக்கும், வளைந்த புலம் மறுபடி ஓட்டத்தைப் பாதிக்கும். இந்தச் சுழற்சிதான் காந்தப் பாய்ம இயக்கவியல், அதாவது எம்எச்டி என்ற துறையின் மொத்தச் சரக்கும்.

விசை எவ்வளவு பெரிது என்பது திரவத்தைப் பொறுத்தது. டென்மார்க்கின் ஜூலியஸ் ஹார்ட்மன் காந்தங்களுக்கு நடுவே பாதரசத்தை ஓட்டிப் பார்த்து 1937-இல் முடிவுகளை வெளியிட்டார். காந்த விசைக்கும் திரவத்தின் பிசுப்புக்கும் நடக்கும் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லும் எண்ணுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1 டெஸ்லா புலத்தில் 1 செ.மீ. அளவுள்ள கால்வாய் என்று வைத்துக்கொண்டால் பாதரசத்துக்கு ஹார்ட்மன் எண் சுமார் 260 வருகிறது, கடல்நீருக்கு 0.7 தான் வருகிறது. விசைகளின் விகிதம் இந்த எண்ணின் வர்க்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: பாதரசத்தில் காந்த விசை பல ஆயிரம் மடங்கு பெரியது, கடல்நீரில் பிசுப்பே பெரியது. சாதாரணக் குழாயில் திரவம் நடுவில் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் ஓடும் அல்லவா, அந்தப் பாதரசக் கால்வாயில் ஏறக்குறைய முழு அகலமும் ஒரே வேகத்தில் நகரும், வேகம் குறைவதெல்லாம் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்துக்குள் முடிந்துவிடும். கொந்தளிப்பும் அடங்கிப்போகும்.

வீடியோக்களில் காந்தம் அருகே வந்ததும் முள்முள்ளாக எழும்பும் கறுப்புத் திரவத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது ஃபெரோஃப்ளூயிட். எண்ணெய் போன்ற திரவத்தில் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைக் கலந்தது. 1963-இல் நாசாவின் ஸ்டீவ் பாப்பெல் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க முடியுமா என்று யோசித்து உருவாக்கினார். அங்கே நடப்பது காந்த ஈர்ப்பு, மின்னோட்டத்துக்கு அதில் வேலையே இல்லை.

கேள்வி: ஆற்றில் ஓடும் தண்ணீரிலிருந்து ஃபாரடே மின்சாரம் எடுக்கப் பார்த்தார் என்பது உண்மையா?

உண்மை. 1832 ஜனவரியில், லண்டன் வாட்டர்லூ பாலத்தில். பூமியின் காந்தப்புலம் எங்கும் இருக்கிறது, தேம்ஸ் ஆறு அதற்குக் குறுக்கே ஓடுகிறது, ஆகவே ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையே மின்னழுத்தம் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தூண்டலைக் கண்டுபிடித்து ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை, அதற்குள் ஓர் ஆற்றையே ஜெனரேட்டராகப் பார்த்திருக்கிறார் மனிதர்! பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் 960 அடி நீளச் செப்புக் கம்பியை விரித்து, இரு முனைகளிலும் உலோகத் தகடுகளைக் கட்டித் தண்ணீரில் இறக்கி, மூன்று நாள் அளந்தார். கருவியின் முள் அசையத்தான் செய்தது, ஆனால் அது தகடுகளில் நடக்கும் வேதிவினையாலும் தண்ணீரின் வெப்ப வேறுபாட்டாலும் வந்த அசைவு. அவர் தேடிய மின்னழுத்தம் அந்தக் கூச்சலில் மூழ்கிவிட்டது.

அவர் எதைத் தேடினார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூமியின் புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா, ஆற்றின் அகலம் 290 மீட்டர், ஓட்டம் வினாடிக்கு 1 மீட்டர் என்று வைத்து மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 15 மில்லிவோல்ட். ஆற்றுப்படுகையும் மின்சாரத்தைக் கடத்துவதால் அதிலும் ஒரு பகுதி கசிந்துவிடும்.

ஆனால் யோசனை முற்றிலும் சரி. பிற்காலத்தில் ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸ் தீவுகளுக்கும் இடையே கடலடியில் கிடக்கும் தொலைபேசிக் கேபிளில் எழும் மின்னழுத்தத்தை வைத்து, அந்த நீரிணை வழியாக வினாடிக்கு எவ்வளவு கடல்நீர் போகிறது என்று கணித்து வந்திருக்கிறார்கள். 1982-இல் தொடங்கிய அளவீடு இது. சராசரி விடை வினாடிக்கு ஏறத்தாழ 3.2 கோடி கன மீட்டர். அந்த வழியே போகும் வளைகுடா நீரோட்டம் வலுக்கிறதா, தளர்கிறதா என்ற தட்பவெப்பக் கேள்விக்கு நம்மிடம் இருக்கும் மிக நீண்ட ஆதாரங்களில் இதுவும் ஒன்று. தேம்ஸில் கைவிட்ட சோதனை கடலில் பலித்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் ஆலையில் தண்ணீர்க் குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை, வெறும் குழாய்தான். அதையே எண்ணெய்க் குழாயில் மாட்டலாம் என்றால் முடியாது என்கிறார்கள். ஏன்?

உங்களிடம் இருப்பது மின்காந்த ஃப்ளோ மீட்டர், சுருக்கமாக மேக் மீட்டர். ஃபாரடே ஆற்றில் செய்ததைக் குழாய்க்குள் செய்கிறது. வெளியே சுருள்கள் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன, குழாய்ச் சுவரில் எதிரெதிராக இரண்டு சிறு மின்முனைகள் மின்னழுத்தத்தை அளக்கின்றன. புலம், குழாயின் விட்டம், வேகம் மூன்றின் பெருக்கல்தான் அந்த மின்னழுத்தம் என்பதால் திரவத்தின் அடர்த்தி, பிசுப்பு, அழுத்தம் எதைப் பற்றியும் கவலை இல்லை. சேறு கலந்த கழிவுநீரும் சரி, அமிலமும் சரி. ஃபாரடேயைத் தோற்கடித்த அந்த வேதிவினைக் கூச்சலை இதில் எப்படி விலக்குகிறார்கள் தெரியுமா? காந்தப்புலத்தைத் திரும்பத் திரும்பத் திசை மாற்றுகிறார்கள். ஓட்டத்தால் வரும் மின்னழுத்தம் புலத்தோடு சேர்ந்து திசை மாறும், தகட்டில் வரும் கூச்சல் மாறாது, கழித்துவிடலாம்.

எண்ணெய்க்கு ஏன் ஆகாது என்றால், அது மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரண மேக் மீட்டருக்குத் திரவத்தின் கடத்துதிறன் செ.மீ.க்கு 5 மைக்ரோசீமன்ஸ் அளவாவது இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது, பெட்ரோலிய எண்ணெயில் கிட்டவே வராது. மிகத் தூய்மையாக்கிய நீருக்கும் இதே தடைதான்.

கேள்வி: ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. எம்ஆர்ஐ காந்தம் ரத்த ஓட்டத்தைத் தடுக்காதா? காந்த வளையல் போட்டால் ரத்த ஓட்டம் கூடும் என்பது?

ரத்தத்தின் இரும்பு ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது, இரும்பு ஆணிபோல அது நடந்துகொள்ளாது. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தைக் காந்தம் மிக லேசாக விலக்கவே செய்கிறது. ஆனால் ரத்தம் உப்பு கலந்த, மின்சாரம் கடத்தும் திரவம், ஆகவே தூண்டல் நிச்சயம் நடக்கும். 3 டெஸ்லா இயந்திரத்தில், பெருந்தமனியின் வளைவில், ரத்தம் வேகமாகப் பாயும் கணத்தில், தமனிக்குக் குறுக்கே சில பத்து மில்லிவோல்ட் வரை எழலாம். தோல்வரை வரும்போது அது மிகவும் குறைந்துவிடும், ஆனாலும் ஈசிஜி சமிக்ஞையே 1 மில்லிவோல்ட் அளவுதான் என்பதால், ஸ்கேன் நடக்கும்போது எடுக்கும் ஈசிஜியில் டி அலை என்ற மேடு செயற்கையாக உயர்ந்து தெரியும். இதயம் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை, வெளியே வந்ததும் பழையபடி ஆகிவிடும்.

ஓட்டத்தைத் தடுக்கும் விசை? கணக்குப் போட்டால் ரத்தத்தின் பிசுப்பை விடவும் சிறியது. 3 டெஸ்லாவிலேயே இந்தக் கதி என்றால், அதில் நூறில் ஒரு பங்குகூடத் தோலுக்குள் ஆழமாகப் போகாத வளையலைப் பற்றி என்ன சொல்ல. அப்படியே ஏதாவது விசை வந்தாலும் அது ஓட்டத்தை எதிர்க்கும், கூட்டாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் காந்தத்தன்மையை இழந்துவிடும் என்று படித்தேன். பூமியின் நடுவில் பல ஆயிரம் டிகிரி. அப்புறம் பூமி எப்படிக் காந்தமாக இருக்கிறது?

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் சொல்வது சரி. பூமியின் அவ்வளவு ஆழத்தில் நிலையான காந்தம் எதுவும் இருக்க முடியாது. சுமார் 2,890 கி.மீ. ஆழத்திலிருந்து 5,150 கி.மீ. வரை இருப்பது உருகிய இரும்பு. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது, ஓயாமல் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. ஓட்டம் காந்தப்புலத்தை வளைக்கும் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அந்த வளைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் இங்கே விஷயம்.

இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஓட்டம் காந்தக் கோடுகளைத் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கிறது. திரவத்தின் மின்தடை அந்தக் கோடுகளை நழுவவிட்டுப் புலத்தைக் கரைக்கப் பார்க்கிறது. யார் ஜெயிப்பது என்று சொல்லும் எண்ணைக் காந்த ரெனால்ட்ஸ் எண் என்பார்கள், அதில் வேகம், கடத்துதிறன் இரண்டோடு அளவும் பெருக்கலில் வருகிறது. இந்தத் துறையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. கிண்ணத்தில் பாதரசத்தைக் கலக்கினால் இந்த எண் நூறில் ஒன்று அளவு. உண்டான புலம் நூறில் ஒரு வினாடியில் கரைந்துவிடும். பூமியின் உள்ளே இரும்பு வினாடிக்கு அரை மில்லிமீட்டர்தான் நகர்கிறது, நத்தையை விட மெதுவாக, ஆனால் 2,000 கி.மீ.க்கு மேல் கனமுள்ள திரவம் என்பதால் எண் ஆயிரத்தை எட்டுகிறது. சூரியனில் இன்னும் பல மடங்கு. அங்கெல்லாம் காந்தக் கோடுகள் திரவத்துக்குள் உறைந்தவைபோல அதோடு சேர்ந்தே நகர்கின்றன, முறுக்கினால் முறுகும், இழுத்தால் நீளும், நீளும்போது வலுக்கும். விதி ஒன்றுதான், பெரிய உருவத்தில் அது வேறு உலகமாகிவிடுகிறது. சோதனைச் சாலையில் விண்மீனின் இயற்பியலைச் செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கும் இதுதான் காரணம்.

சூரியனின் காந்தம் இப்படித் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் டைனமோவாக இருக்கலாம் என்று ஜோசப் லார்மர் 1919-இல் சொன்னார். 1930-களில் தாமஸ் கௌலிங் குறுக்கே வந்து, அச்சைச் சுற்றி முழுச் சமச்சீர் கொண்ட ஒரு புலத்தை எந்த ஓட்டத்தாலும் காப்பாற்ற முடியாது என்று கணிதத்தால் நிரூபித்தார். நிறையப் பேர் அதோடு நம்பிக்கையிழந்தார்கள். ஆனால் கௌலிங்கின் நிரூபணம் அழகான சமச்சீர் வடிவங்களைத்தான் விலக்குகிறது. பூமியின் உள்ளே நடப்பது கோணல்மாணலான, திருகுத் திருகாக எழும் ஓட்டம். பூமியின் சுழற்சி அந்தத் திருகைக் கொடுக்கிறது. ஆற்றல் எங்கிருந்து என்று கேட்டால், பூமியின் நடுவிலுள்ள உட்கரு மெதுவாகக் குளிர்ந்து உறையும்போது வெளியேறும் வெப்பமும், அப்போது ஒதுக்கப்படும் லேசான தனிமங்கள் மேலே மிதந்து ஏறுவதும்தான்.

ஓட்டம் நின்றால் பூமியின் புலம் சில பத்தாயிரம் ஆண்டுகளில் கரைந்துவிடும். பாறைகளோ 300 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் புலம் இருந்ததற்குச் சாட்சி சொல்கின்றன. ஆக டைனமோ நிற்கவே இல்லை. திசை மட்டும் அவ்வப்போது தலைகீழாகிறது, கடைசியாக சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். 1995-இல் கிளாட்ஸ்மையரும் ராபர்ட்ஸும் கணினியில் ஓட்டிய மாதிரியில் யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே புலம் தானாகத் திசை மாறியது.

"கணினியை விடுங்கள், நேரில் யாராவது காட்டினார்களா" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காட்டினார்கள். 1999 நவம்பரில் லாட்வியாவின் ரீகாவில், உருகிய சோடியத்தை ஒரு விசிறியால் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று வேகத்தில் திருகி ஓட்டியபோது, காந்தப்புலம் தானாக வளரத் தொடங்கியது. அடுத்த மாதமே ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இன்னொரு குழுவும் சாதித்தது. லார்மர் சொன்னதிலிருந்து 80 ஆண்டுகள்! தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உலோகத்தை டன் கணக்கில் சூடாக்கி அந்த வேகத்தில் சுழற்றத் துணிந்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

கேள்வி: புரொப்பெல்லர் இல்லாத கப்பல் ஒன்று ஓடியதாமே?

யமாடோ-1. ஜப்பான், 1992, கோபே துறைமுகம். கடல்நீரில் மின்சாரத்தைப் பாய்ச்சி, மின்தடையே இல்லாத மீக்கடத்திக் காந்தங்களால் சுமார் 4 டெஸ்லா புலம் கொடுத்து, நீரைப் பின்னால் தள்ளி முன்னேறியது. வேகம் மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ. அதற்கு மேல் வளரவில்லை. கடல்நீரின் கடத்துதிறன் உருகிய சோடியத்தினுடையதில் 20 லட்சத்தில் ஒரு பங்கு அளவே, ஆகவே கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே போய்விடும், மின்முனைகளில் குளோரின் வேறு கிளம்பும். இதே யோசனை உருகிய உலோகத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. சோடியம் ஓடும் அணு உலைகளில் அசையும் பாகமே இல்லாத மின்காந்த பம்புகள் பல காலமாக வேலை செய்கின்றன.

கேள்வி: ஆல்ஃபனின் அலைகளை முதலில் யாரும் நம்பவில்லை என்கிறார்களே, ஏன்?

மின்காந்த அலை நல்ல கடத்திக்குள் ஆழமாக நுழைய முடியாது, மேற்பரப்பிலேயே அடங்கிவிடும் என்பது மேக்ஸ்வெல் காலத்திலிருந்து எல்லோரும் படித்த பாடம். 1942-இல் ஸ்வீடனின் ஹான்னஸ் ஆல்ஃபன் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். காந்தக் கோடுகள் திரவத்தோடு பிணைந்திருந்தால் அவை இழுத்துக் கட்டிய கம்பிபோல விறைப்பாக இருக்கும், திரவத்தின் எடையைச் சுமந்தபடி அதிரும், அந்த அதிர்வு கோட்டின் வழியே அலையாக ஓடும் என்றார். 1948-இல் சிகாகோவில் அவர் பேசியதைக் கேட்ட இயற்பியல் மேதை என்ரிக்கோ ஃபெர்மி தலையாட்டி ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அடுத்த ஆண்டு லுண்ட்குவிஸ்ட் பாதரசத்தில் அந்த அலையைச் சோதித்துப் பார்த்தார், 1954-இல் லேனர்ட் சோடியத்தில். 1 டெஸ்லா புலத்தில் சோடியத்துக்குள் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான். 1970-இல் ஆல்ஃபனுக்கு நோபல் கிடைத்தது. 2021 ஏப்ரலில் நாசாவின் பார்க்கர் விண்கலம் சூரியனின் ஒளிவட்டத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது என்று அறிவித்தார்களே, எந்தக் கோட்டைத் தாண்டினால் உள்ளே என்று முடிவு செய்தது இந்த அலையின் வேகம்தான். சூரியனிலிருந்து வெளியே பாயும் மின்துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று இந்த வேகத்தை விட மெதுவாக வீசும் பகுதிதான் உள்ளே.

கேள்வி: அலுமினிய உருக்காலையில் இருக்கிறேன். மின்பகுப்புத் தொட்டியில் உலோகம் "அலையடிக்கிறது" என்று சொல்லி மின்முனை உயரத்தை ஏற்றச் சொல்கிறார்கள். தொட்டியில் எதுவும் கலக்குவதில்லையே, அலை எங்கிருந்து?

கலக்குவது உங்கள் தொட்டியின் மின்னோட்டமேதான். லட்சக்கணக்கான ஆம்பியர் பாயும் இடம், அதைக் கொண்டுவரும் பஸ்பார்கள் என்ற தடித்த உலோகப் பட்டைகளின் காந்தப்புலமும் அங்கேயே இருக்கிறது. 960 டிகிரியில் கீழே அலுமினியம், மேலே சில செ.மீ. கனத்துக்கு உருகிய கிரையோலைட் உப்புக் கலவை. கலவை மின்சாரத்தை அலுமினியத்தை விட மிக மோசமாகக் கடத்துகிறது, அதனால் உலோகத்தின் மேற்பரப்பு ஓரிடத்தில் லேசாக எழும்பினால், அங்கே கலவை மெலிந்து, மின்னோட்டம் அந்த இடத்தைத் தேடி ஓடுகிறது. பிறகு அது உலோகத்துக்குள் பக்கவாட்டில் பரவியாக வேண்டும், அந்தப் பக்கவாட்டு ஓட்டத்தின் மேல் செங்குத்துப் புலம் விசையைக் கொடுக்க, எழும்பிய இடம் நகர்ந்து வளர்ந்து தொட்டியைச் சுற்றிவர ஆரம்பிக்கிறது. அலை மேல் மின்முனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று, அதனால்தான் ஏற்றச் சொல்கிறார்கள். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வீணாகும் மின்சாரம். சரியான வைத்தியம் பஸ்பார்களைத் தொட்டியைச் சுற்றி யோசித்து வளைத்து, செங்குத்துப் புலத்தை முடிந்தவரை ஒன்றையொன்று ரத்து செய்யவைப்பது. புதிய தொட்டிகளின் வடிவமைப்பில் பாதிச் சண்டை இதற்குத்தான்.

கேள்வி: பள்ளி மாணவி நான். இதில் எதையாவது வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

முடியும் அம்மா, தாராளமாக. ஓர் அகலமான கண்ணாடிக் கிண்ணத்தின் உள்சுவரை ஒட்டிச் செப்புக் கம்பியை வளையமாக வை, நடுவில் இன்னொரு செப்புக் கம்பியை நிறுத்து. சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்று. சமையல் உப்பு வேண்டாம், குளோரின் வரும். கிண்ணத்துக்கு அடியில் ஒரு வலுவான தட்டைக் காந்தத்தை வைத்து, 9 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையை வளையத்திலும் மற்றதை நடுக்கம்பியிலும் இணை. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் தீ வேண்டாம், ஏனென்றால் கொஞ்சம் ஹைட்ரஜன் குமிழி வரும். மேலே மிளகுத்தூள் தூவினால் தண்ணீர் தானாகச் சுழல்வது தெரியும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நீலப் பச்சையாக மாறும், அது செம்பு கரைவது, வாயில் வைக்காமல் முடித்ததும் கையைக் கழுவிவிடு. காந்தத்தைத் தலைகீழாக்கினால் சுழற்சி திசை மாறும், பேட்டரியை மாற்றி இணைத்தாலும் திசை மாறும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் என்ன ஆகும் என்பதைச் செய்து பார்ப்பதற்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் பார்த்துவிட்டு எனக்கு எழுது.